சென்னையிலிருந்து தென்காசிக்கு: குடிபெயரும் முன் காண வேண்டியவை

பெருநகரத்தை விட்டுச் சிறுநகரத்தில் குடியேறலாமா என்னும் வினா தமிழ்நாட்டின் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் இன்று எழுகிறது. முன்னர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியோரே பெரும்பாலும் இதைப் பேசிவந்தனர். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று முடக்கத்துக்குப் பின், வீட்டிலிருந்தே கணினி வழியாகப் பணிபுரியப் பழகிய இளந்தம்பதியரும் பேசுகின்றனர். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஒரு லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்களை முதல் வகுப்பாகவும், 50 ஆயிரத்துக்கு மேல் ஒரு லட்சத்துக்குள் அமைந்தவற்றை இரண்டாம் வகுப்பாகவும் பகுக்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சென்னை மாநகரின் பழைய எல்லைக்குள் மட்டும் ஏறத்தாழ 46 லட்சம் பேர் இருந்தனர். தென்காசி நகராட்சியில் இருந்தோர் ஏறத்தாழ 70 ஆயிரம் பேர். இரண்டாம் வகுப்பைச் சேர்ந்த அந்த நகரத்தையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும், அங்கு வந்து குடியேறியோரின் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்துவரும் ஒரு பயணம், அட்டவணைகளும் ஆதாயக் கணக்குகளும் தராத தெளிவைத் தரக்கூடியது.

சென்னை எழும்பூரிலிருந்து இரவில் புறப்படும் பொதிகை விரைவு வண்டி, விழுப்புரம், விருத்தாசலம், திருச்சி, திண்டுக்கல், மதுரை வழியாக விருதுநகரை அடைந்து, அங்கிருந்து தென்மேற்காகத் திரும்பிச் சிவகாசி, திருவில்லிபுத்தூர், இராசபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர் ஆகிய ஊர்களைக் கடந்து தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் செல்கிறது. ஏறத்தாழ 650 கிலோமீட்டர் நீளும் இப்பாதையில் பாலாறு, தென்பெண்ணை, கொள்ளிடம், காவிரி, வைகை ஆகிய ஆறுகள் அனைத்தும் இருளிலேயே கடந்துபோகின்றன. பொழுது புலரும்போது வண்டியின் வலப்புறத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை எழுந்து, தென்காசி வரை உடன்வருகிறது. இந்த வண்டியில் இடம் பதிவு செய்ய முயன்றோர், குடிபெயர்வின் முதல் உண்மையை அங்கேயே அறிந்துகொள்ளலாம். பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன்னர் பதிவு தொடங்குவது 2024 நவம்பர் முதல் இரயில்வேயின் விதி. தீபாவளி, பொங்கல் போன்ற நாட்களுக்கோ பதிவு தொடங்கியவுடனேயே இடங்கள் நிறைந்துவிடுகின்றன. தென்காசி வட்டாரத்து இளைஞர்கள் வேலை தேடிச் சென்னைக்குப் போயிருப்பதன் அளவை அந்த நெருக்கடி காட்டுகிறது. சிறுநகரத்துக்கு வர விரும்பும் ஒரு குடும்பம், அந்நகரத்தின் பிள்ளைகள் பல தலைமுறைகளாக வெளியேறிக்கொண்டிருக்கும் பாதையில்தான் எதிர்த்திசையில் வருகிறது.

சென்னையை விட்டு நீங்க விரும்புவோர் கூறும் காரணங்கள் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரைப் பகுதிகள் மூழ்கியதும், 2019ஆம் ஆண்டுக் கோடையில் நகருக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு இரயில் வண்டிகளில் குடிநீர் கொண்டுவரப்பட்டதும், 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் மழையால் தெருக்கள் நாட்கணக்கில் நீரில் நின்றதும் ஒரே தலைமுறையின் நினைவில் அடுத்தடுத்துப் பதிந்தவை. ஆயினும் இயற்கையின் சீற்றத்துக்கு அஞ்சித் தெற்கே செல்வோர், அந்தப் புயலுக்கு இரண்டு வாரங்களுக்குள், 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் பெய்த பெருமழையையும் எண்ணிப்பார்க்க வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவான அந்த வெள்ளத்தில், தாமிரபரணிக் கரையூர்கள் பல துண்டிக்கப்பட்டன. சிறுநகரத்தில் ஆபத்து குறைவு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அங்கு ஆபத்து வேறு வடிவில் வருகிறது, மீட்புப் படையும் செய்தியாளர்களும் சற்றுத் தாமதமாக வருகின்றனர்.

தென்காசி இரயில் நிலையத்திலிருந்து நகருக்குள் செல்லும் பயணியின் கண்ணில் முதலில் படுவது காசி விசுவநாதர் கோயிலின் கோபுரம். ஏறத்தாழ 180 அடி உயரமுள்ள இக்கோபுரத்தின் வாயிலில் நுழைவோரை எதிர்காற்று வந்து தொடுவது இவ்வூருக்கே உரிய அனுபவம். 15ஆம் நூற்றாண்டில் இக்கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியனின் மரபினர், மதுரையை இழந்தபின் தெற்கே ஒதுங்கித் தென்காசியைத் தங்கள் இருப்பிடமாகக் கொண்டவர்கள்; ஆகவே வரலாற்றாசிரியர்கள் அவர்களைத் தென்காசிப் பாண்டியர் என்று குறிப்பிடுகின்றனர். பெருநகரை விட்டுச் சிறுநகருக்கு வந்தோரின் வரிசையில் இவர்களையே முன்னோடிகளாகக் கொள்ளலாம். மதுரையை மீண்டும் வென்றெடுப்பதைப் பற்றிய ஏக்கத்திலேயே அவர்கள் காலம் கழிக்கவில்லை. வந்த ஊரில் கோயில் எழுப்பினர், புலவர்களைப் பேணினர்; அம்மரபில் வந்த அதிவீரராம பாண்டியர் நைடதத்தையும், பின்னாளில் திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த வெற்றிவேற்கையையும் இயற்றினார்.

பராக்கிரம பாண்டியன் அக்கோயிலில் பொறித்துவைத்த கல்வெட்டுப் பாடல்களில், பிற்காலத்தில் இக்கோயிலைக் காக்கப்போகும் மக்களைத் தாம் பணிந்து வணங்குவதாகக் கூறியிருப்பது அறிஞர் பலரால் எடுத்துக்காட்டப்பட்ட செய்தி. அரசனாயினும், வந்து அமர்ந்த ஊரில் தன் செயல் நிலைக்க வேண்டுமானால் அவ்வூராரின் ஒத்துழைப்பு வேண்டும் என்பதை அவன் உணர்ந்திருந்தான். பின்னர் இடிந்து நெடுங்காலம் மொட்டையாக நின்ற அக்கோபுரம் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் எழுப்பப்பட்டு, 1990இல் குடமுழுக்குக் கண்டது, அந்த வேண்டுகோள் வீண்போகவில்லை என்பதைக் காட்டுகிறது. இன்று ஒரு மனையை வாங்கி, சுற்றுச்சுவர் எழுப்பி, வாயிற்கதவைச் சாத்திக்கொண்டு அமைதியாக வாழலாம் என்னும் எண்ணத்தோடு வருவோருக்கு இக்கல்வெட்டு உணர்த்தும் பாடம் பெரியது.

தென்காசியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில் குற்றாலம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரியங்காவுக்கு அருகே அமைந்த இடைவெளி செங்கோட்டைக் கணவாய் எனப்படுகிறது. மலைத்தொடரின் உயரம் தாழும் அவ்விடத்தின் வழியாக, கேரளத்தில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையின் மேகங்களும் காற்றும் கிழக்கே கடந்துவருகின்றன. சூன் முதல் ஆகஸ்டு வரையிலும் சில ஆண்டுகளில் செப்டம்பர் வரையிலும் வெயிலோடு கலந்து விழும் நுண்ணிய தூறலை மக்கள் சாரல் என்றும், அக்காலத்தைச் சீசன் என்றும் அழைக்கின்றனர். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி ஆகியவற்றில் நீர் விழும் அந்நாட்களில், தமிழகத்தின் மற்ற பகுதிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, இங்கே வயல்களில் கார் சாகுபடி நடக்கிறது. கார் என்பது தென்மேற்குப் பருவத்தில் பயிராகும் குறுகிய கால நெற்பருவம். வடகிழக்குப் பருவமழையை நம்பி அதற்குப்பின் நடப்படும் பருவத்துக்குப் பிசானம் என்று பெயர். சுந்தரபாண்டியபுரம், சுரண்டை வட்டாரங்களில் சூரியகாந்தி பூத்திருக்கும் காலமும் சாரல் காலமே.

குடிபெயரும் முடிவுகள் பல இந்தச் சாரலில்தான் எடுக்கப்படுகின்றன. ஆகவேதான் அவற்றுள் பல பின்னர் வருத்தத்தில் முடிகின்றன. அருவியில் குளித்து, கேரள எல்லைப் பக்கத்துப் பார்டர் கடைப் பரோட்டா உண்டு, மலையடிவாரத்து மனைகளைப் பார்த்துத் திரும்பும் குடும்பம் காண்பது ஆண்டின் நான்கில் ஒரு பங்கை மட்டுமே. மார்ச் முதல் மே வரை அருவிப்பாறைகள் வறண்டு கிடக்கின்றன. சமவெளிக்குரிய வெப்பம் இங்கும் சுடுகிறது. குளங்களின் நீர் வற்றிக் கிணறுகளின் மட்டம் இறங்குகிறது. சீசன் நாட்களிலோ, சனி, ஞாயிறுகளில் வெளியூர் வாகனங்கள் நிறைந்து, உள்ளூர்க்காரர் மருத்துவமனைக்குச் செல்லவும் காத்திருக்க நேர்கிறது. புளியரை வழியாகக் கேரளத்துக்கு எம்-சாண்ட் எனப்படும் செயற்கை மணலும் ஜல்லியும் ஏற்றிச்செல்லும் கனரக லாரிகளின் வரிசை, இப்பகுதி மக்கள் பலமுறை போராடியும் தீராத சிக்கலாக நீடிக்கிறது. மலையை ஒட்டிய கிராமங்களில் யானையும் காட்டுப்பன்றியும் வயல்களில் இறங்குகின்றன. இவை எவையும் ஊரை வெறுப்பதற்கான காரணங்கள் ஆகமாட்டா. ஆனால் நான்கு பருவங்களையும் காணாமல் ஓர் ஊரை அறிந்ததாக எவரும் கொள்ளலாகாது.

தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் வழியில் உள்ள கடையம், இவ்வாய்வுக்கு இன்றியமையாத ஊர். சுப்பிரமணிய பாரதியாரின் மனைவி செல்லம்மாள் பிறந்த ஊர் அது. புதுச்சேரியில் பத்தாண்டுக் காலம் வாழ்ந்த பாரதியார், 1918 நவம்பரில் ஆங்கில ஆட்சியின் எல்லைக்குள் நுழைந்தபோது கைதுசெய்யப்பட்டு, கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையானபின் கடையத்துக்கு வந்து, 1920ஆம் ஆண்டின் இறுதிவரை பெரும்பாலும் அங்கேயே தங்கினார். மலையும் வயலும் சூழ்ந்த அவ்வூரின் இயற்கை அவருக்கு உகந்ததாகவே இருந்தது, எழுத்தும் நின்றுவிடவில்லை. எனினும் சாதி வேற்றுமை பாராட்டாத அவருடைய நடைமுறையை அக்காலத்து அக்கிரகாரம் ஏற்கவில்லை. நூல்களை அச்சிடுவதற்கான பொருளுதவி கிட்டவில்லை. நாளிதழின் அன்றாடத் துடிப்போடு வளர்ந்த ஓர் எழுத்தாளருக்கு அந்தத் துடிப்பிலிருந்து விலகியிருத்தல் தாங்க முடியாததாயிற்று. 1920இன் இறுதியில் அவர் சென்னைக்குத் திரும்பிச் சுதேசமித்திரன் நாளிதழில் மீண்டும் உதவியாசிரியராகச் சேர்ந்தார். மறு ஆண்டு செப்டம்பரில் மறைந்தார். தொழிலின் உயிர்நாடி நகரத்தில் இருக்க, உடல் மட்டும் சிற்றூரில் இருப்பது எத்தகைய வேதனையைத் தரும் என்பதற்குக் கடையத்து ஆண்டுகள் சான்றாக நிற்கின்றன.

அதே வட்டாரத்தில் இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், அறநிலையத் துறையில் ஆணையராகப் பணியாற்றி ஓய்வுபெற்றபின் குற்றாலத்தில் வாழ்ந்து, 1954இல் அங்கேயே மறைந்தார். திருநெல்வேலியில் தம் வீட்டு வட்டத்தொட்டியில், அதாவது வீட்டின் நடுவே அமைந்த வட்டமான முற்றத்தில், நண்பர்களைக் கூட்டிக் கம்பன் கவிகளைப் பேசிய பழக்கத்தை அவர் குற்றாலத்துக்கும் கொண்டுவந்தார். இராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடிக் குற்றாலம் வந்தனர். அவர் எழுதிய கடிதங்கள் தமிழகமெங்கும் சென்றன. பாரதியாரைப் போலன்றி அவருக்குச் சொந்த மண்ணின் உறவுகளும் ஊரார் மதிப்பும் அரணாக இருந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் அவர் வெற்றிக்குத் தலையாய காரணம், தம் வாழ்க்கைப் பணியை எந்த ஊரிலும் தொடரக்கூடிய வகையில் முன்பே அமைத்துக்கொண்டிருந்ததே ஆகும். இவ்விருவரின் அனுபவத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, இடமாற்றத்தின் பயனைத் தீர்மானிப்பது ஊரின் அழகன்று, உடன்கொண்டு வரக்கூடிய வேலையும் உறவுமே என்னும் முடிவு உறுதிப்படுகிறது.

இக்காலத்தில் அந்த வேலையைச் சிற்றூருக்குக் கொண்டுவந்தோரில் பலரும் அறிந்தவர் ஸ்ரீதர் வேம்பு. 1996இல் தொடங்கப்பட்டுப் பின்னர் ஸோஹோ என்று பெயர்பெற்ற மென்பொருள் நிறுவனம், 2011இல் தென்காசியில் சிறிய அலுவலகம் ஒன்றைத் திறந்தது. அது பின்னர் அருகிலுள்ள மத்தளம்பாறையில் வளாகமாக வளர்ந்தது. தஞ்சை மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்ட அவர், அமெரிக்காவிலிருந்து 2019இல் வந்து மத்தளம்பாறையில் குடியேறினார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வாடிக்கையாளர்களின் கேள்விகளையும் குறைகளையும் நிறுவனங்கள் கையாளப் பயன்படும் ஸோஹோ டெஸ்க் என்னும் மென்பொருள் இங்கே உருவானது, உயர்ந்த தொழில்நுட்பப் பணி பெருநகரத்துக்கே உரியது என்னும் நம்பிக்கையைத் தகர்த்தது. கல்லூரிப் பட்டத்தை நிபந்தனையாக வைக்காமல், பள்ளிப் படிப்பை முடித்தோருக்குப் பயிற்சியளித்து வேலைக்கு எடுக்கும் அந்நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி, இப்பகுதியின் இளைஞர் சிலரையேனும் சென்னை செல்லும் இரயிலிலிருந்து தடுத்து நிறுத்தியிருக்கிறது. எனினும் ஒரு நிறுவனத்தையே உடன்கொண்டு வரும் ஆற்றல் உள்ளவருக்கும், எங்கிருந்தும் பணிபுரியலாம் என்னும் ஓர் அனுமதிக் கடிதத்தை மட்டும் நம்பி வருவோருக்கும் இடையே வேறுபாடு பெரிது. அத்தகைய அனுமதிகளைத் தந்த நிறுவனங்கள் பல, பெருந்தொற்று தணிந்தபின் ஊழியரை மீண்டும் அலுவலகத்துக்கு அழைத்ததை மறந்துவிடலாகாது.

தென்காசிக்கு வடக்கே உள்ள ஆய்க்குடியில், இயலாமையோடு வாழ்வோரின் மறுவாழ்வுக்காக அமர் சேவா சங்கம் இயங்குகிறது. அவ்வூரைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த நிலையில் ஊர் திரும்பி, 1981இல் இச்சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் பத்மஸ்ரீ விருது அவருக்கு வழங்கப்பட்டது. தசைச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்ட பட்டயக் கணக்காளரான எஸ். சங்கரராமன், சென்னையில் தாம் நடத்திவந்த தொழிலை விட்டு வந்து இவரோடு இணைந்தார். தமது தேவைக்கு வசதி மிகுந்த பெருநகரமே ஏற்றது என்று அவர் எண்ணியிருந்தால் எவரும் குறைகூற முடியாது. அவரோ தம் கணக்கியல் அறிவும் நிர்வாகத் திறனும் எங்கே மிகுதியாகத் தேவைப்படுகின்றன என்று பார்த்து ஆய்க்குடியைத் தேர்ந்தார். ஊர் தமக்கு என்ன தரும் என்று கேட்பது எல்லாருக்கும் இயல்பு. ஊருக்குத் தம்மிடம் என்ன தேவைப்படுகிறது என்றும் கேட்டவர்களே இவ்வட்டாரத்தில் நிலைத்திருக்கின்றனர்.

சிறுநகரத்தின் பொருளியலை நேரில் காண விரும்பும் பயணி பாவூர்ச்சத்திரம் காய்கறிச் சந்தைக்குச் செல்ல வேண்டும். சுற்றுவட்டாரத்தில் விளையும் வெண்டை, கத்தரி, மிளகாய், தக்காளி, சிறிய வெங்காயம் ஆகியவை அங்கே ஏலம்போய்க் கேரளத்துக்கு ஏற்றப்படுகின்றன. ஓணம் பண்டிகைக்கு முந்திய நாட்களில் விலை ஏறுவதும், கேரளத்தில் மழை மிகுந்து வண்டிகள் வராத நாட்களில் விலை சரிவதும் உழவரின் வாழ்வைத் தீர்மானிக்கின்றன. அருகிலுள்ள கிராமங்களின் திண்ணைகளில் பெண்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுகின்றனர். இலையையும் தூளையும் பீடிக் கடையில் வாங்கிவந்து, சுற்றிக் கட்டிய பீடியை அங்கேயே ஒப்படைத்து, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்னும் கணக்கில் கூலி பெறுகின்றனர். பல குடும்பங்களில் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் இக்கூலியிலிருந்தே வந்திருக்கிறது. அப்படிப் படித்த பிள்ளைகளே பின்னர் சென்னைக்கும் பெங்களூருவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றனர். உள்ளூரில் கிடைக்கும் சம்பளத்தை நம்பிப் பெருநகரத்திலிருந்து வருவோர் முதலில் இந்தக் கூலிகளையும் சம்பளங்களையும் விசாரித்து அறிவது கடமை. உள்ளூர் வேலைச் சந்தையில் இடம் தேடுவதைவிட, வெளியிலிருந்து வருவாயைக் கொண்டுவந்து உள்ளூரில் செலவிடுவதும் வேலை தருவதுமே வந்தவருக்கும் ஊருக்கும் நன்மை பயக்கும்.

செலவு குறையும் என்னும் எதிர்பார்ப்பில் உண்மை உண்டு. அதற்கும் எல்லை உண்டு. நடுவண் அரசு தன் ஊழியருக்கு வழங்கும் வீட்டு வாடகைப் படி, நகரங்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது. 50 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் சென்னை போன்ற நகரங்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 விழுக்காடும், 5 லட்சத்துக்குக் குறைவான மக்கள் வாழும் தென்காசி போன்ற ஊர்களுக்கு 10 விழுக்காடும் 2024 முதல் தரப்படுகின்றன. வாடகையின் வேறுபாட்டுக்கு அரசே ஒப்புக்கொண்ட அளவுகோலாக இதைக் கொள்ளலாம். அரிசி, எண்ணெய், மின்சாரம், இணையம், கைப்பேசி, கார், தனியார் பள்ளி ஆகியவற்றின் செலவோ அந்த அளவுக்குக் குறைவதில்லை. பேருந்து மாலையோடு நின்றுவிடும் ஊர்களில் சொந்த வாகனம் இன்றியமையாததாகிச் செலவு கூடவும் செய்கிறது. நிலம் வாங்குவோர், பாசனம் பெறும் நஞ்சை எது, மழையை நம்பிய புஞ்சை எது என்பதையும், பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ் ஆகியவற்றையும், மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி உள்ளதா என்பதையும் வழக்கறிஞர் துணையோடு ஆராய வேண்டும். வில்லங்கச் சான்றிதழ் என்பது ஒரு சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றைக் காட்டும் பதிவுத்துறை ஆவணம். மலையை ஒட்டிய கிராமங்கள் பலவற்றில் வீடு கட்டுவதற்கு மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளும் பொருந்தும் என்பதை மனை விற்போர் தாமாகச் சொல்வது அரிது.

மருத்துவ வசதியை ஆராயாமல் முதியோரை அழைத்துக்கொண்டு குடிபெயர்தல் பெரும்பிழை. 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசியில், நகரின் அரசு மருத்துவமனை மாவட்டத் தலைமை மருத்துவமனையாகச் செயல்படுகிறது. பொதுவான நோய்களுக்கும் மகப்பேற்றுக்கும் அறுவை மருத்துவத்துக்கும் மக்கள் அதை நம்பி வருகின்றனர். சிக்கலான இதய நோய்க்கும் மூளை நரம்பு நோய்க்கும் 50 கிலோமீட்டருக்கு மேல் பயணித்துத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ, மலையைக் கடந்து 100 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தையோ நாட வேண்டியிருக்கிறது. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் முதல் சில மணி நேரமே உயிரைத் தீர்மானிக்கும் என்பதால், இந்தத் தொலைவைக் கிலோமீட்டரில் அளவிடாமல் நேரத்தில் அளவிடுவதே முறை. ஏற்கனவே நாட்பட்ட இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் தம் மருத்துவரிடம் கலந்து, மாற்று ஏற்பாட்டை உறுதிசெய்துகொள்ளாமல் வீட்டைக் காலிசெய்யக் கூடாது.

பிள்ளைகளின் கல்வியும் துணைவரின் பணியும் அடுத்த இரு தூண்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தோருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் நடைமுறையில் இருப்பதால், அரசுப் பள்ளியை மனமுவந்து தேர்வோருக்குச் சிறுநகரம் தடையாக அமைவதில்லை. குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரியும், ஆழ்வார்குறிச்சியில் பரமகல்யாணி கல்லூரியும் நெடுங்காலமாக இயங்குகின்றன. ஆயினும் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் நெருங்கிய பிள்ளையை இடையில் மாற்றுவது அப்பிள்ளையின் ஒப்புதலின்றிச் செய்யத்தக்கதன்று. கணவரின் அமைதிக்காக மனைவி தன் பணியைத் துறந்து வரும் இடமாற்றங்களில், குடும்பத்தின் ஆதாயம் என்று எழுதப்படுவது பெரும்பாலும் ஒருவருடைய ஆதாயமே. முடிவு எடுக்கும் மேசையில் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் சம உரிமை தரப்பட வேண்டும். அதை மறுத்த முடிவு எத்தனை அழகிய ஊருக்கு இட்டுச்சென்றாலும் அறமற்றது.

சமூக வாழ்வின் வேறுபாடு எல்லாவற்றையும்விட ஆழமானது. சென்னையில் பக்கத்து வீட்டாரின் பெயர் தெரியாமலே பத்தாண்டுகள் வாழ முடியும். தென்காசித் தெருவில், "யாரு வீட்டுக்கு வந்திருக்கிய, எந்த ஊரு உங்களுக்கு?" என்னும் கேள்வி முதல் நாளிலேயே வரும். இக்கேள்வியில் அன்பும் அக்கறையும் உண்டு. நோய்வாய்ப்பட்ட இரவில் கதவைத் தட்டும் உரிமையும், சாவு வீட்டில் சொல்லாமலே வந்து நிற்கும் கடமையும் அதிலிருந்தே பிறக்கின்றன. அதே கேள்வி சாதியை அறியும் கருவியாகவும் பயன்படுவதை மறைப்பது நேர்மையாகாது. 1981இல் தென்காசி வட்டத்து மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் பெருந்தொகையாக இசுலாத்தைத் தழுவியது, சாதிக் கொடுமையின் பின்னணியில் நாடு முழுதும் பேசப்பட்ட நிகழ்வு. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில் தலித் குழந்தைகளுக்குத் தின்பண்டம் விற்க மறுத்த கடைக்காரர் கைதுசெய்யப்பட்டார். வாடகைக்கு வீடு தேடும் தலித் குடும்பத்துக்கும், தனித்து வாழும் பெண்ணுக்கும், சாதி மறுத்து மணந்த இணையருக்கும், பெருநகரத்தின் அடையாளமற்ற கூட்டம் ஒரு பாதுகாப்பு. சிறுநகரத்தின் அமைதியைப் பாடுவோர், அந்த அமைதி யாருக்குக் கிடைக்கிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். வசதியோடு வந்து குடியேறுவோர் அந்த வேலிகளை வலுப்படுத்தாமல், தளர்த்தும் பக்கம் நிற்பது அவர்களது பொறுப்பு.

பயணத்தின் இறுதி ஊரான செங்கோட்டை, 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தோடு சேர்ந்திருந்த பகுதி. 1904இல் திறக்கப்பட்ட கொல்லம்–செங்கோட்டை இரயில் பாதை, அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2018இல் முழுமையாகப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டதால், சந்தைக்கும் மருத்துவத்துக்கும் கல்விக்கும் இம்மக்கள் சென்னையை மட்டும் நோக்கியிருக்க வேண்டியதில்லை. சென்னையிலிருந்து பார்ப்போருக்குக் கடைக்கோடியாகத் தோன்றும் இவ்வூர், தன்னளவில் இரு மாநிலங்களை இணைக்கும் வாயில். குடிபெயர்வோர் இத்தகைய ஊரைச் சென்னையின் மலிவான பதிப்பாகக் கருதாமல், தனக்கே உரிய தொழிலும் வழக்கமும் தொடர்பும் உடைய இடமாக ஏற்றால்தான் அங்கே வேரூன்ற முடியும்.

இவற்றிலிருந்து பெறப்படும் முடிவைச் சுருக்கமாகக் கூறலாம். சிறுநகரத்தில் தொடரக்கூடிய வேலையோ உறுதியான வருவாயோ உள்ளவர்கள், குடும்பத்தார் அனைவரின் ஒப்புதலோடும், மருத்துவத்துக்கான ஏற்பாட்டோடும், அவ்வூரின் பொதுவாழ்வில் ஏதேனும் ஒரு பொறுப்பை ஏற்கும் மனத்தோடும் வருவார்களாயின், அவர்கள் வரவேண்டும். அவர்களது வரவு இத்தகைய ஊர்களுக்குத் தேவை. சென்னையின் நெரிசலிலிருந்து தப்புவது ஒன்றையே காரணமாகக் கொண்டவர்கள் விடுமுறைக்கு வந்து திரும்புவதே அவர்களுக்கும் ஊருக்கும் நல்லது. இடைப்பட்ட ஐயத்தில் இருப்போர், சென்னை வீட்டை விற்காமலும் தென்காசியில் மனை வாங்காமலும், வாடகை வீடு ஒன்றில் சாரல் காலம், ஐப்பசி மழை, தை அறுவடை, சித்திரை வெயில் அனைத்தையும் உள்ளடக்கிய முழு ஓராண்டு வாழ்ந்து பார்த்தபின் முடிவெடுக்க வேண்டும்.